கல் விலகிய பிறகு

“கல்லு விழுந்தது கால் மேல. உசுரு போனது மூச்சு முட்டி. இது எந்த ஊரு நியாயம் சார்?”

கேட்டவள் கல் பட்டறைக்காரி. புருஷன் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. அழுது ஓய்ந்தவள் போல அவள் இல்லை, இன்னும் அழவே ஆரம்பிக்காதவள் போல இருந்தாள். முழங்கை வரை சுருட்டிவிட்ட ஆண் சட்டை, தலையில் இறுக்கிக் கட்டிய துணி, புருவம் முழுக்கக் கல் தூசி. இரண்டு உள்ளங்கைகளிலும் குறுக்காக ஒரு கறுத்த தழும்பு ஓடியது.

எதிரே ஒரு பலகைக் கல்லின் மேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த துப்பறிவாளரை ஊரில் தராசு என்பார்கள். எதையும் ஒரு தடவை நிறுத்துப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார் என்பதால் வந்த பெயர். பக்கத்தில் நின்ற அவருடைய உதவியாளர் பட்டாசு. நிறுக்காமலே திறப்பாள் என்பதால் வந்த பெயர். இரண்டையும் வைத்தது ஊர்தான். ஊர் எதில் தப்புச் செய்தாலும் பட்டப்பெயர் வைப்பதில் செய்யாது.

‘காலுக்கும் நெஞ்சுக்கும் நடுவுல வயிறு என்ன லீவு போட்டிருந்துச்சா’ என்று பட்டாசுக்கு நாக்கு நுனி வரை வந்தது. அந்தத் தழும்புகளைப் பார்த்து விழுங்கிக்கொண்டாள்.

“முதல்லேருந்து சொல்லுங்கம்மா” என்றார் தராசு.

“அவசர ஆர்டர் ஒண்ணு. அன்னிக்கு ராத்திரி பட்டறையிலேயே தங்கறேன்னாரு. அடிக்கடி தங்கறவருதான், நான் வீட்டுக்குப் போயிட்டேன். இந்த ஸ்டாண்டைப் பாருங்க. ரெண்டு பக்கமும் கல்லு சாஞ்சு நிக்கும். இந்தப் பக்கம் ஒண்ணு எடுத்தா அந்தப் பக்கம் ஒண்ணு எடுக்கணும். அவசரத்துல ஒரே பக்கம் எடுத்திருக்காரு. ஸ்டாண்டு மொத்தமா சாஞ்சிருச்சு. வலது காலு தொடையிலேருந்து கல்லுக்கு அடியில. கத்தினாலும் கேக்க ஆளில்ல. போன் அதோ அந்த மேஜை மேல.”

“காலையில நீங்க வந்தப்போ மயக்கமா கிடந்தாரா?”

“மயக்கமா?” அவள் உதடு ஒரு கணம் கோணியது. “கிண்டல் பண்ணிக்கிட்டு கிடந்தாரு. ‘வா வா, கால் மரத்துப் போச்சு, பசி மட்டும் மரத்துப் போகல’ன்னாரு. வலியே இல்லன்னாரு.”

“தனியாவா இருந்தாரு?”

“அதுதானே விஷயம். என் கொழுந்தன் எனக்கு முன்னாடியே வந்து பக்கத்துல குந்தியிருக்கான். தலைக்கு மேல செயின் பிளாக் தொங்குது. சங்கிலியை இழுத்தா கல்லு தன்னால மேல ஏறும், சின்னப் பிள்ளை கூட இழுக்கும். இவன் இழுக்கல. ஒரு பிளாஸ்கிலேருந்து எதையோ ஊத்தி ஊத்தி அவருக்குக் குடுத்துக்கிட்டு இருக்கான்.”

“டீயா?”

“டீயா இருந்தா அவரு ஏன் மூஞ்சியைச் சுளிக்கறாரு? ஒரே உப்புன்னாரு. நான் சங்கிலியைப் பிடிச்சேன். இவன் என் கையைப் பிடிச்சான். ‘வேணாம் அண்ணி, ஆம்புலன்ஸ் வரட்டும், பதறாத காரியம் சிதறாது’ங்கறான். கூடப் பொறந்தவன் கல்லுக்கு அடியில கிடக்கான், இவன் பழமொழி சொல்றான் சார்.”

“என்ன பண்ணினீங்க?”

“தள்ளிவிட்டேன். நானே இழுத்தேன்.” அவள் தன்னையறியாமல் நிமிர்ந்தாள். “கல்லு ஏறிருச்சு. காலு வெளிய வந்துச்சு. அவரு சிரிச்சாரு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள மூச்சு வாங்க ஆரம்பிச்சது. மறுநாள் இல்ல. நுரையீரல் கெட்டுப் போச்சுன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துட்டாங்க. கால் மேல விழுந்த கல்லு நுரையீரலை எப்படிக் கெடுக்கும்? அந்த பிளாஸ்கை அன்னியிலேருந்து காணோம். கொழுந்தனும் வீட்டை விட்டுப் போயிட்டான். போன்னு நான்தான் சொன்னேன்.”

“உங்க கொழுந்தனுக்கு என்ன ஆதாயம்?”

“சுரங்க வேலையை விட்டுட்டு வந்ததுலேருந்து பட்டறையைப் பிரிச்சுக் குடுன்னு கேட்டுக்கிட்டிருந்தான். இவரு முடியாதுன்னாரு.”

சுவரில் பெரிய எழுத்தில் ஒரு வாசகம் பெயின்டால் எழுதியிருந்தது. ‘கல் விழுந்தால் முதலில் தூக்கு. பிறகு பேசு.’

“மாமனார் எழுதினது” என்றாள். “எங்க பட்டறையில இதுதான் வேதம். யார் மேல விழுந்தாலும் பக்கத்துல இருக்கறவங்க கேள்வி கேக்காம சங்கிலியை இழுக்கணும். இதால தப்பிச்ச காலு எத்தனையோ. என் காலும் ஒண்ணு. அந்த வீட்டுப் பிள்ளையே தூக்க வேணாம்னா, மனசுல விஷம் இருக்குன்னுதானே அர்த்தம்?”

தராசு எழுந்து மூலையில் இருந்த அலமாரிப் பக்கம் போனார். டீத்தூள், சர்க்கரை, உப்பு ஜாடி, பக்கத்தில் வெள்ளைப் பொடி நிரம்பிய பெரிய டப்பா.

“இது?”

“சமையல் சோடா. கல்லுல எண்ணெய்க் கறை பட்டா இதைக் குழைச்சு அப்பி வெப்போம். உறிஞ்சிடும்.”

டப்பாவுக்குள் ஒரு டீ ஸ்பூன் புதைந்து கிடந்தது. அதன் காம்பில் பொடி ஈரத்தோடு ஒட்டி இறுகியிருந்தது. “கறைக்கு டீ ஸ்பூன்லயா எடுப்பீங்க?”

“இல்லையே, கையாலதான் அள்ளுவோம்.” அவளுக்கு அந்தக் கேள்வியில் அக்கறை இல்லை. “சாயங்காலம் வரைக்கும் பொறுப்பேன் சார். பிளாஸ்க் கிடைச்சா அதோட போலீசுக்குப் போவேன். கிடைக்காட்டி வெறுங்கையோட போவேன். அவன் உள்ள போகணும். போனாத்தான் எனக்குத் தூக்கம் வரும்.”

வெறுங்கை என்று அவள் விரித்துக் காட்டிய கைகளைப் பட்டாசு இன்னொரு தடவை பார்த்தாள். ஒரு ஆள் கனத்தைப் போலப் பல மடங்கு கல்லை, கையுறை கூடப் போடாமல் இழுத்த கைகள் அவை.

ஸ்கூட்டரில் ஏறியதும் பட்டாசின் வாய்க்கு விடுதலை கிடைத்தது.

“சார், கொழுந்தன் ரூமுக்குள்ள நேரா போக முடியாது. நான் தண்ணிக் குழாய் பாக்க வந்தவ, நீங்க என் சித்தப்பா. சும்மா கூட வந்தீங்க.”

“சித்தப்பா எதுக்குக் குழாய் பாக்க வரணும்?”

“வேலை வெட்டி இல்லாத சித்தப்பா.”

கொழுந்தன் குடியிருந்தது ஒரு சைக்கிள் ரிப்பேர் கடையின் மாடியில். கையில் ஸ்பேனரோடு பட்டாசு கதவைத் தட்டப் போனாள். தட்டும் முன்பே திறந்தது. முப்பதைத் தாண்டிய ஒல்லி மனிதன், ஒரு மாதத் தாடி. கையில் பச்சை நிற பிளாஸ்க்.

“தராசு சாரை இந்த ஊர்ல யாருக்குத் தெரியாது? இதைத்தானே தேடி வந்தீங்க?” என்று நீட்டினான்.

பட்டாசு ஸ்பேனரை மெதுவாகப் பைக்குள் போட்டாள். அவள் தொழில் வாழ்க்கையில் இப்படி ஒரு அவமானம் நேர்ந்ததில்லை.

“விஷம்தான். நான்தான் குடுத்தேன்” என்றான் அவன். “எழுதிக்குங்க. அண்ணி கிட்டச் சொல்லிடுங்க.”

“ஏங்க, நாங்க இன்னும் உக்காரக்கூட இல்லையே” என்றாள் பட்டாசு.

தராசு உட்கார்ந்தார். இருந்தது ஒரே நாற்காலி. “என்ன விஷம்?”

“எலி மருந்து.”

“எந்தக் கடையில வாங்கினீங்க?”

“ஞாபகமில்ல.”

“குடிச்சிட்டு உங்க அண்ணன் என்ன சொன்னாரு?”

அந்தக் கேள்வியை அவன் எதிர்பார்க்கவில்லை. தாடிக்குள் ஒரு சிரிப்பு வந்து, வந்த வழியே போயிற்று. “‘ஏண்டா, கடலையே பிளாஸ்க்ல பிடிச்சுட்டு வந்துட்டியா’ன்னு கேட்டாரு.”

“உப்புக் கரிக்கிற எலி மருந்தா?” என்றாள் பட்டாசு. “எலிக்கும் நாக்குன்னு ஒண்ணு இருக்குங்க. இதைத் தின்னா எலி சாகாது, சமையக்காரனை மாத்தும்.”

தராசு பிளாஸ்கை வாங்கி, மூடியைத் திருகி உள்ளே பார்த்தார். அடியில் வெள்ளையாக ஒரு படலம் காய்ந்திருந்தது. மூடியின் விளிம்பிலும் காய்ந்த வெள்ளைக் கோடு.

“ஒரு மாசம் ஆச்சு. கொலைக்கு ஆதாரம் இது. கழுவிப் போட எவ்வளவு நேரம் ஆகும்?”

“மனசு வரல.”

“ஏன்?”

“அண்ணன் வாய் வெச்சது.”

கீழே கடையில் யாரோ டயருக்குக் காற்று அடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. சுவரில் ஒரு போட்டோ. தலையில் விளக்கு வைத்த தொப்பியோடு இரண்டு பேர், முகம் முழுக்கக் கரி, பல் மட்டும் வெளிச்சம். ஒருவன் இவன்.

“கூட நிக்கறது யாரு?” என்றார் தராசு.

“சுரங்கத்துல கூட வேலை பாத்தவன்.”

“இப்ப எங்க இருக்காரு?”

“இல்ல.”

“எப்படிப் போனாரு?”

அவன் சட்டென்று எழுந்தான். “சார், அவன் எதுக்கு இதுல? குத்தவாளி கிடைச்சுட்டான். வாக்குமூலம் கிடைச்சிருச்சு. பிளாஸ்க் கிடைச்சிருச்சு. கேசை இத்தோட விட்டுருங்க.” கும்பிட்டான். “தயவு பண்ணி இதுக்கு மேல தோண்டாதீங்க.”

படி இறங்கும்போது பட்டாசு சொன்னாள்: “சார், ஜெயிலுக்குப் போறேன்னு இப்படி முண்டியடிக்கிற ஆளை நான் பாத்ததே இல்ல. அங்க என்ன, ஜன்னலோர சீட்டா?”

தராசு பிளாஸ்கை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார். “எதையோ மறைக்கிறவன் பொய் சொல்வான். யாரையோ மறைக்கிறவன்தான் இவ்வளவு மோசமா சொல்வான்” என்றார்.

பட்டறைக்காரரின் உடலை அறுத்துப் பார்த்த டாக்டரம்மா தராசுக்குப் பழைய பழக்கம். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஊரெல்லாம் அதைத் தேடுகிற ரகம். ஆனால் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துவிட்டால் அவரிடமிருந்து ஒரு அணுவும் தப்பாது.

பிளாஸ்கின் அடியைச் சுரண்டி, பொடியில் இரண்டு சொட்டு வினிகர் விட்டார். நுரைத்துப் பொங்கியது.

“சமையல் சோடா. உப்பும் கலந்திருக்கு. எலி மருந்தெல்லாம் இல்ல. உடம்புலயும் எந்த விஷமும் இல்லன்னு நான் அப்பவே பாத்துட்டேன்.”

“கேசும் சேர்ந்து பொங்கி வழிஞ்சிருச்சு” என்றாள் பட்டாசு. “அப்ப ஆளைக் கொன்னது யாரு டாக்டர்? ஆவியா?”

“வந்து பாரு. குத்தவாளிங்க இன்னும் உள்ளதான் இருக்காங்க.”

பட்டாசு ஒரு கண்ணை மூடி மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். இளஞ்சிவப்புத் திரையில் ஊதாப் புள்ளிகள் கூட்டம் கூட்டமாக மொய்த்துக்கொண்டிருந்தன. சின்னச் சின்ன சந்துகளெல்லாம் அடைத்துக் கிடந்தது.

“அது அவரோட நுரையீரல். அந்தப் புள்ளி ஒவ்வொண்ணும் ரத்தத்துல இருக்கற வெள்ளணு. உடம்போட காவல்காரங்க. கிருமி உள்ள வந்தா அடிச்சுக் கொல்றது அவங்க வேலை.”

“காவல்காரங்களுக்கு நுரையீரல்ல என்ன வேலை? அடி பட்டது காலுதானே?”

டாக்டரம்மா நெற்றியில் இருந்த கண்ணாடியைத் தேடிக் கண்டுபிடித்துப் போட்டுக்கொண்டார்.

“ராத்திரி முழுக்கக் கல்லு அழுத்தி அந்தக் காலுக்கு ரத்தம் போகல. ரத்தம் இல்லாம சதை பாதி செத்துப் போச்சு. சாகற சதை கூப்பாடு போடும், காவல்காரங்களைக் கூப்பிடும். ஆனா வழி அடைச்சிருக்கு, யாரும் வர முடியாது. அதனாலதான் மனுஷன் வலியில்லாம ஜோக் அடிச்சுக்கிட்டு கிடந்தாரு. கல்லைத் தூக்கினதும் வழி திறந்திருச்சு. ரத்தம் திமுதிமுன்னு உள்ள போச்சு. கூடவே வெள்ளணுவும் போச்சு. போய்ப் பாத்தா, பாதி செத்த சதை. நம்ம ஆளா எதிரியான்னு அதுக்கு அடையாளம் தெரியல. கையில இருந்த ஆயுதத்தையெல்லாம் எடுத்து அடிச்சிருச்சு. உதவிக்குத்தான் ஓடினது, பாவம்.”

“வேலியே பயிரை மேஞ்ச கதை” என்றாள் பட்டாசு.

“அதோட நிக்கல. கோபம் ஏறின வெள்ளணு ரத்தத்தோட உடம்பு பூரா சுத்தும். நுரையீரல்ல ரத்தக்குழாய் முடியை விட மெல்லிசு. அங்க போய் ஒட்டிக்கிட்டு, கண்ணு மண்ணு தெரியாம அங்கயும் அடிச்சிருச்சு. குழாயெல்லாம் ஓட்டை. நுரையீரலுக்குள்ள தண்ணி கோத்துக்கிச்சு. கால்ல அடைபட்டிருந்த கழிவெல்லாம் சேர்ந்து வந்து சிறுநீரகத்தையும் கெடுத்திருச்சு. ஆனா மூச்சை நிறுத்தினது இந்தப் புள்ளிங்கதான்.”

‘கல்லு விழுந்தது கால் மேல, உசுரு போனது மூச்சு முட்டி.’ அது எந்த ஊர் நியாயம் என்று பட்டாசுக்கு இப்போது புரிந்தது.

தராசு கேட்டார்: “அந்த உப்பும் சோடாவும்?”

“சுரங்கம் இடிஞ்சு ஆளு நசுங்கினா, தூக்கறதுக்கு முன்னாடி குடுக்கற பழைய கை வைத்தியம். கழிவை நீர்க்க வைக்கும்னு ஒரு கணக்கு. எவ்வளவு உதவும்னு சொல்ல முடியாது. ஆனா குடுத்தவன் இதை நேர்ல பாத்தவன். ஆம்புலன்ஸ்காரங்க கூட சொன்னாங்க, ‘ட்ரிப்ஸ் ஏத்தற ஆளோட வாங்க, வந்த பிறகுதான் கல்லைத் தூக்கணும்’னு போன்ல ஒருத்தர் கத்தினாராம்.”

போட்டோவில் கொழுந்தனோடு நின்று பல் தெரியச் சிரித்தவன் எப்படிப் போனான் என்று தராசு யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

“தம்பிக்காரன் உங்க கிட்ட வந்தானா?”

“வந்தான். எல்லாத்தையும் விளக்கினேன். கேட்டுட்டு, ‘இதை எங்க அண்ணிக்கு மட்டும் விளக்கிச் சொல்லிடாதீங்க டாக்டர்’னான். ஏம்ப்பான்னேன். கும்பிட்டுட்டுப் போயிட்டான். நானும் ஒரு வரியோட விட்டுட்டேன்.”

பட்டாசு நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தாள். “சார், இது நல்ல சேதிதானே. விஷமில்ல, கொலையில்ல. கொழுந்தன் தப்பிச்சாரு. போய் அந்தம்மா கிட்ட நானே சொல்றேன். உங்க வீட்டுக்காரரை யாரும் கொல்லலம்மா, கல்லைத் தூக்கினதும் ரத்தம் உள்ள போயி…”

பேச்சு அங்கே நின்றது.

கல்லைத் தூக்கியது யார் என்பது அவளுக்குத் தெரியும். காலையில் பட்டறைக்காரியே சொன்னாள், நிமிர்ந்து நின்று சொன்னாள்.

“தூக்காம விட்டிருந்தா டாக்டர்?” தராசின் குரல் இறங்கியிருந்தது.

“தூக்கித்தானே ஆகணும்? கால் எப்படியும் போயிருக்கும். ட்ரிப்ஸ் ஏத்திட்டு, ஆக்சிஜன் வெச்சுட்டுத் தூக்கியிருந்தா ஆள் பிழைச்சிருக்கலாம். பிழைக்காமலும் போயிருக்கலாம். சத்தியம் பண்ண மாட்டேன்.” டாக்டரம்மா கண்ணாடியை மறுபடி நெற்றிக்கு ஏற்றினார். “உடனே தூக்கறது தப்பில்லம்மா. விழுந்த உடனே தூக்கினா உயிர் பிழைக்கும். ரொம்ப நேரம் கழிச்சுத் தூக்கறதுதான் வேற கணக்கு. அந்த வித்தியாசம் யாருக்குத் தெரியும்?”

திரும்பும் வழியில் பட்டாசு ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்தினாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு ரோடு தெரியவில்லை.

“சார், ஒரு பொய் சொல்லிடலாம். ஒரே ஒரு பொய். காரணம் தெரியல, கடவுள் செயல், ஏதாவது ஒண்ணு.”

“காரணம் தெரியலன்னா அவங்க நேரா போலீசுக்குப் போவாங்க. அந்தப் பையன் ஆமாம் நான்தான்னு நிப்பான்.”

“உண்மையைச் சொன்னா அந்தம்மா செத்துருவாங்க சார்.”

தராசு வெகுநேரம் எதையோ நிறுத்துப் பார்த்தார். இரண்டு தட்டிலும் கல்லாகவே இருந்தது. “விஷமில்லன்னு மட்டும் சொல்லுவோம். அதுக்கு மேல அவங்க கேட்டா, அப்ப பாக்கலாம்” என்றார். பட்டாசு அறிந்து அவர் இப்படிப் பாதி முடிவு எடுத்தது அதுதான் முதல் தடவை.

பட்டறையில் சாயங்கால வெயில் கல் தூசியில் மஞ்சளாக நின்றது. பட்டறைக்காரி கிளம்பத் தயாராக, தலைத் துணியை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். தராசு பிளாஸ்கை மேஜை மேல் வைத்தார்.

“இதுல விஷம் இல்லம்மா. உங்க அலமாரியில இருக்கற உப்பும் சோடாவும்தான். உங்க கொழுந்தன் அவரைக் கொல்லல. காப்பாத்தப் பாத்திருக்காரு.”

அவள் பிளாஸ்கைத் தொடவில்லை. “அப்ப எப்படிச் செத்தாரு?”

“அவரோட ரத்தத்துல இருக்கற வெள்ளணுதான் காரணம். அதுவே தடம் மாறி நுரையீரலை…”

“எப்ப மாறிச்சு?”

தராசு தொண்டையைச் செருமினார்.

“கேக்கறேன்ல சார். கல்லுக்கு அடியில கிடந்தப்போ நல்லா பேசினாரு, சிரிச்சாரு. நெஞ்சு நல்லாத்தானே இருந்துச்சு. அப்புறம் எப்ப மாறிச்சு?”

“நான் தாமதம் பண்ணினதுதான் அண்ணி.”

வாசலில் கொழுந்தன் நின்றான். பின்னாலேயே வந்திருக்கிறான். மூச்சு இரைத்தது. “நான் வந்த உடனே தூக்கியிருக்கணும். பயந்து போய் உக்காந்துட்டேன். தாமதமானதுலதான் ரத்தம் கெட்டுப் போச்சு. நீங்க வந்து தூக்கினதாலதான் இன்னொரு நாளாவது இருந்தாரு. டாக்டரே சொன்னாங்க.” தரையைப் பார்த்தே சொல்லி முடித்தான். நன்றாக ஒத்திகை பார்த்த பொய், சொல்லத் தெரியாதவன் சொன்னான்.

அவள் அவனைப் பார்த்தாள். தராசைப் பார்த்தாள். அவர் செயின் பிளாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் பட்டாசின் பக்கம் திரும்பினாள்.

“நீ சொல்லும்மா. இவன் சொல்றது நிஜமா?”

ஆமாம் என்று ஒரு சொல் போதும். தலையை ஆட்டினால்கூடப் போதும். ஆயிரம் பொய்யைச் சிரித்துக்கொண்டே சொன்ன வாய்தான். குழாய் ரிப்பேர்க்காரி, கணக்கெடுக்க வந்தவள், காணாமல் போன அக்கா மகள், எல்லாமாகவும் இருந்தவள். அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டு அவளால் முடியவில்லை.

“காலையில உன் வாய் துறுதுறுன்னு இருந்துச்சு” என்றாள் பட்டறைக்காரி மெதுவாக. “இப்ப ஏன் சும்மா நிக்கறே?”

அவள் தன் இரண்டு உள்ளங்கைகளையும் மடியில் விரித்து வைத்துக்கொண்டாள். யாரோ கொடுத்துவிட்டுப் போன சாமான் மாதிரி அவற்றைப் பார்த்தாள்.

“நான்தானா?” என்றாள்.

“அண்ணி, அப்படி இல்ல…”

“நான் சங்கிலியை இழுக்க இழுக்க அவரு என்ன சொன்னாரு தெரியுமா? ‘மெதுவா இழு, கை கிழிஞ்சிரும்’னாரு. தன் காலைப் பத்திச் சொல்லல. நான் கேக்கல. வேகமா இழுத்தேன். எவ்வளவு வேகமா இழுக்கறேனோ அவ்வளவு சீக்கிரம் அவரு எனக்குக் கிடைச்சிருவாருன்னு…”

தராசு டாக்டர் சொன்னதைச் சொன்னார். தூக்கித்தான் ஆக வேண்டும் என்பதை, எப்படித் தூக்கியிருந்தாலும் சத்தியமில்லை என்பதை. எல்லாம் உண்மைதான். அவள் காதில் எதுவும் ஏறியதாகத் தெரியவில்லை.

“ஒரு மாசமா உன்னைக் கொலைகாரன்னேன்” என்றாள் கொழுந்தனிடம். “தெரு கேக்கத் திட்டினேன். வீட்டை விட்டுத் துரத்தினேன். ஏன் தம்பி வாயை மூடிக்கிட்டு இருந்தே?”

“அண்ணன் போனதுலேருந்து நீங்க ஒரு வாய் சாப்பிடல. என்னைத் திட்ட ஆரம்பிச்ச அன்னிக்குத்தான் சாப்பிட்டீங்க. சரி, திட்டிக்கிட்டே இருக்கட்டும்னு விட்டுட்டேன்.”

அப்போதுதான் அவள் உடைந்தாள். ஒரு மாதமாக உள்ளே அடைபட்டுக் கிடந்ததெல்லாம் ஒரே மூச்சில் வந்தது. சத்தம் போட்டு, தரையில் சரிந்து, கல் தூசியில் முகம் புரள அழுதாள். கொழுந்தன் ஓடிவந்து கொஞ்சம் தள்ளி மண்டியிட்டான், தொடலாமா என்று தெரியாமல். அவளே அவன் சட்டைக் கையைப் பற்றி இழுத்தாள்.

“அன்னிக்கு என் கையைப் பிடிச்சியே தம்பி” என்றாள் விம்மலுக்கு நடுவே. “இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடிச்சிருக்கக் கூடாதா?”

அவன் அழுதுகொண்டே, தழும்பேறிய அந்தக் கைகளை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

தராசு வெளியே வந்து படியில் உட்கார்ந்தார். பட்டாசு ஸ்கூட்டரின் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“ஏதாவது பேசு” என்றார் அவர்.

அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். உள்ளே அழுகைச் சத்தம் ஓயும் வரை இருவரும் அங்கேயே இருந்தார்கள்.